சுவரில் மார்க்கர் கறையா? அட்வான்ஸ் பணம் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கோவை சரவணம்பட்டி, காளப்பட்டி, பீளமேடு பக்கம் வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. வீடு காலி செய்ய இன்னும் இரண்டு நாள். அட்டைப் பெட்டிகளில் 'சமையல் சாமான்', 'புத்தகம்', 'உடையும்' என்று கறுப்பு மார்க்கரில் எழுதி அடுக்கியாகிவிட்டது. மூடி போடாத மார்க்கர் தரையில் கிடக்கிறது. அதை எடுத்த மூன்று வயதுக் குழந்தை ஹால் சுவரில் ஒரு ரயில், பெட்ரூம் கதவில் ஒரு சூரியன், ஃப்ரிட்ஜில் ஒரு யானை என்று வரைந்து முடித்துவிட்டது.

மறுநாள் சாவி வாங்க வரும் வீட்டு ஓனர் சுவரைப் பார்க்கிறார். "ஏனுங்க தம்பி, செவுத்துல இது என்னங்க? பெயின்ட் காசை அட்வான்ஸ்ல கழிச்சுக்கறனுங்க" என்கிறார்.

இந்தப் பதற்றத்தில்தான் பெரும்பாலானோர் தவறு செய்கிறார்கள். கைக்குக் கிடைத்த சானிடைசர், பற்பசை, நெயில் பாலிஷ் ரிமூவர், பாத்ரூம் ஆசிட் என எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தேய்க்கிறார்கள். கடைசியில் கறை போகிறதோ இல்லையோ, கதவின் பாலிஷும் சுவரின் பெயின்ட்டும் போய்விடுகின்றன. விரல் அளவு இருந்த கறை, கை அகலத் திட்டாக மாறிவிடுகிறது.

உண்மையில் மார்க்கர் மையைக் கரைப்பது கஷ்டமே இல்லை. அந்த மை எதன் மேல் இருக்கிறது, அந்தப் பரப்பு எதைத் தாங்கும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பெர்மனென்ட் என்றால் என்ன அர்த்தம்?

மார்க்கர் மையில் முக்கியமாக மூன்று பொருள்கள் உண்டு. ஒன்று, நிறம் தரும் சாயம். இரண்டு, அந்தச் சாயத்தைப் பரப்போடு ஒட்டவைக்கும் ரெசின் என்ற பிசின். மூன்று, இரண்டையும் திரவமாக வைத்திருக்கும் கரைப்பான். இன்று விற்கும் பெரும்பாலான மார்க்கர்களில் இந்தக் கரைப்பான் ஆல்கஹால் வகையைச் சேர்ந்தது. மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறும் நெடி அதனுடையதுதான்.

எழுதியவுடன் ஆல்கஹால் ஆவியாகிவிடும். சாயமும் பிசினும் மட்டும் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும். இந்தப் பிசின் தண்ணீரில் கரையாது. அதனால்தான் ஈரத்துணியால் எவ்வளவு துடைத்தாலும் அப்படியே இருக்கிறது. 'பெர்மனென்ட்' என்று எழுதியிருப்பதற்கு, தண்ணீருக்கு அசையாது என்பதுதான் பொருள். எதற்குமே அசையாது என்பதல்ல.

காய்ந்த படலத்தின் மேல் மறுபடியும் ஆல்கஹால் பட்டால் பிசின் இளகும், சாயம் மிதக்கும். அப்போது துணியால் ஒற்றி எடுத்துவிடலாம். அதாவது, எந்தக் கரைப்பானில் மை வந்ததோ, அதே வகைக் கரைப்பானிலேயே அது திரும்பிப் போகும்.

அமெரிக்காவில் சிட்னி ரோசென்தால் 'மேஜிக் மார்க்கர்' பேனாவை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1953-ல். 'ஷார்ப்பி' வந்தது 1964-ல். பழைய மார்க்கர்கள் பலவற்றில் சைலீன் போன்ற, நெடியும் நச்சும் அதிகமுள்ள கரைப்பான்கள் இருந்தன. ஆல்கஹால் அவற்றின் இடத்தைப் பிடித்தது உடல்நலத்துக்கு நல்லது. கறை எடுப்பவருக்கும் அது லாபம், ஏனென்றால் தேவையான பொருள் மெடிக்கல் ஷாப்பிலேயே கிடைக்கிறது.

என்ன வாங்க வேண்டும்?

மெடிக்கல் ஷாப்பில் 'சர்ஜிக்கல் ஸ்பிரிட்' அல்லது 'ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்' என்று கேட்டால் கொடுப்பார்கள். சின்ன பாட்டில் போதும். கொரோனா காலத்தில் வாங்கி அலமாரியில் மிச்சம் இருக்கும் சானிடைசரும் உதவும், அது ஆல்கஹால் உள்ள சானிடைசராக இருந்தால். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த சானிடைசர் கலவைகளில் எத்தனால் 80 சதவீதம் அல்லது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 75 சதவீதம் இருக்கும். ஆல்கஹால் இல்லாத சானிடைசர்களும் கடையில் உண்டு. அவற்றால் மார்க்கர் கறைக்குப் பயன் இல்லை. லேபிளைப் படித்துவிடுங்கள்.

ஜெல் வகை சானிடைசரில் ஒரு வசதி இருக்கிறது. வழியாமல் நிற்பதால், கதவு, ஃப்ரிட்ஜ் போன்ற நிமிர்ந்த பரப்புகளில் மையோடு கொஞ்ச நேரம் ஒட்டியிருக்கும். ஆனால் அதில் உள்ள கிளிசரின் போன்றவை பிசுபிசுப்பை விட்டுச்செல்லும். கடைசியில் சோப்புத் தண்ணீரால் துடைக்க வேண்டும்.

துணிக்கு அலையத் தேவையில்லை. கோவை, திருப்பூர் பக்கம் லேத் பட்டறையிலிருந்து ஒர்க் ஷாப் வரை எல்லா இடத்திலும் பனியன் வேஸ்ட் இருக்கும். அதில் வெள்ளைத் துணியாகப் பார்த்து எடுங்கள். கலர் துணியில் ஸ்பிரிட் பட்டால், துணியின் சாயமே சுவரில் ஏறிவிடலாம். வெள்ளையில் இன்னொரு வசதியும் உண்டு. மை எவ்வளவு வருகிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

தொடங்கும் முன் மூன்று விஷயங்கள்

முதலில் மூலையில் சோதியுங்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில், உதாரணமாகக் கதவின் கீழ் விளிம்பிலோ ஃப்ரிட்ஜின் பக்கவாட்டிலோ ஸ்பிரிட் நனைத்த துணியை ஒரு நிமிடம் வைத்து எடுங்கள். துணியில் மரக்கலரோ பெயின்ட்டோ ஒட்டியிருந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

இரண்டாவது, தேய்க்காமல் ஒற்றுங்கள். இளகிய மையைத் தேய்த்தால் அது பரவும். கறையின் வெளி விளிம்பிலிருந்து உள்ளே வரும்படி ஒற்றி எடுங்கள். ஒவ்வொரு முறையும் துணியின் சுத்தமான பக்கத்தைப் பயன்படுத்துங்கள். அழுக்கான பக்கத்தையே மறுபடி வைத்தால், எடுத்த மையைத் திரும்பப் பூசுகிறீர்கள் என்று பொருள்.

மூன்றாவது, பொறுமை. கறுப்பு மார்க்கர் மையில் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட சாயங்கள் கலந்திருக்கும். சில சீக்கிரம் கரையும், சில தாமதமாகும். அதனால் கறுப்புக் கோடு பாதியில் ஊதாவாகவோ நீலமாகவோ மாறினால் பயப்பட வேண்டாம். வேலை நடக்கிறது என்றுதான் அர்த்தம்.

ஸ்டீல், கண்ணாடி, டைல்ஸ்: கவலையே வேண்டாம்

இவற்றில் மை உள்ளே இறங்க வழியில்லை. மேலே படலமாகத்தான் நிற்கும். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் ஓரிரு நிமிடத்தில் போய்விடும்.

'து.பருப்பு', 'மல்லித்தூள்' என்று எழுதிவைத்த ஸ்டீல் டப்பாக்கள், விசேஷ வீட்டில் யாருடையது என்று தெரிவதற்காக மார்க்கரில் பெயர் எழுதிய தூக்கு, அண்டா எல்லாம் இந்த வகைதான். நம் வீடுகளில் பாத்திரத்தில் பெயர் வெட்டும் வழக்கம் வந்ததற்குக் காரணமே எழுதியது அழியும், வெட்டியது அழியாது என்பதுதான். ஸ்பிரிட் தொட்ட பாத்திரத்தைப் பாத்திர சோப்பு போட்டு நன்றாகக் கழுவிய பிறகே உணவுக்குப் பயன்படுத்த வேண்டும்.

பளபளப்பான டைல்ஸில் மை போய்விடும். ஆனால் டைல்ஸுக்கு இடையில் உள்ள சிமென்ட் கோடு மையை உறிஞ்சிக்கொள்ளும். அந்த இடத்தில் பழைய டூத் பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் நனைத்துத் தேய்க்கலாம். லேசான நிழல் மிஞ்ச வாய்ப்பு இருக்கிறது.

கிரானைட், கடப்பா கல், ரெட் ஆக்சைடு

பாலிஷ் செய்த கிரானைட் மேடையில் ஸ்பிரிட் தாராளமாகப் பயன்படுத்தலாம். கிரைண்டர் கல்லின் வெளிப்பக்கத்தில் கடைக்காரர் எழுதிய எண்ணும் இப்படியே போகும். ஆனால் மாவு ஆட்டும் பக்கம் சொரசொரப்பானது. அங்கே மை பட்டிருந்தால் ஸ்பிரிட்டில் துடைத்து, பிரஷ் போட்டுக் கழுவி, ஒரு பிடி அரிசியை ஆட்டிக் கீழே கொட்டிய பிறகு பயன்படுத்துவது நல்லது.

கடப்பா கல், மார்பிள், மொசைக் தரை ஆகியவற்றில் எச்சரிக்கை தேவை. ஸ்பிரிட்டால் பிரச்சினை இல்லை, ஆசிட்டால்தான் பிரச்சினை. கடப்பா கல் ஒரு சுண்ணாம்புக்கல். மொசைக்கில் இருப்பது மார்பிள் சில்லும் சிமென்ட்டும். எலுமிச்சை, வினிகர், பாத்ரூம் ஆசிட் எது பட்டாலும் சுண்ணாம்பு அரிக்கப்பட்டுப் பளபளப்பு போய்விடும். மார்க்கர் மையை ஆசிட் கரைக்கவும் கரைக்காது. இரண்டு பக்கமும் நஷ்டம்தான்.

பழைய வீடுகளின் சிவப்பு ரெட் ஆக்சைடு தரையும் சிமென்ட் அடிப்படையிலானது. மேலே மெழுகோ எண்ணெயோ ஏறி மினுமினுப்பாக இருக்கும். ஸ்பிரிட் அந்த மினுமினுப்பைக் கொஞ்சம் எடுத்துவிடும். கறை இருக்கும் கோட்டின் மேல் மட்டும் இயர் பட்ஸால் தொட்டு எடுங்கள்.

மரக்கதவு: இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்

சன்மைக்கா ஒட்டிய அலமாரி, மேஜை என்றால் பயமில்லை. ஸ்பிரிட் தாங்கும். ஆனால் பாலிஷ் போட்ட தேக்குக் கதவு வேறு கதை.

ஆசாரிகள் போடும் ஃபிரெஞ்ச் பாலிஷ் எப்படித் தயாராகிறது? அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான். மார்க்கர் மையைக் கரைக்கும் அதே ஸ்பிரிட் இந்தப் பாலிஷையும் கரைத்துவிடும். துணியில் கறுப்போடு சேர்ந்து பழுப்பும் வந்தால், போவது ஓனரின் கதவு பாலிஷ்.

அப்படிப்பட்ட கதவில் முதலில் எண்ணெயை முயலலாம். கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டு, சில நிமிடம் ஊறவிட்டு, மெதுவாகத் துடையுங்கள். புதிய கறையாக இருந்தால் ஓரளவு மங்கும். பிறகு மிகக் கொஞ்சமாகப் பற்பசை தடவி விரலால் லேசாகத் தேய்க்கலாம். பற்பசை மையைக் கரைப்பதில்லை. அதில் இருக்கும் சுண்ணாம்பு, சிலிக்கா போன்ற நுண் துகள்கள் மையை மெல்லச் சுரண்டுகின்றன. பற்பசையால் துடைத்த இடம் மங்கலாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். அதற்கும் போகவில்லை என்றால், ஆசாரியைக் கூப்பிட்டு அந்த இடத்துக்கு மட்டும் பாலிஷ் டச்சப் செய்வது செலவு குறைந்த வழி.

இப்போது பல வீடுகளில் போடும் பி.யு. பாலிஷ் ஸ்பிரிட்டை ஓரளவு தாங்கும். எந்தப் பாலிஷ் என்று தெரியாவிட்டால், மூலைச் சோதனைதான் ஒரே வழி.

ஃப்ரிட்ஜ், சுவிட்ச் போர்டு, பிளாஸ்டிக்

ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், பீரோ போன்ற பெயின்ட் அடித்த இரும்புப் பரப்பில் ஸ்பிரிட்டை ஈரத்துணியளவுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். ஊற விடாதீர்கள். கறை போனவுடன் தண்ணீரால் துடைத்துவிடுங்கள்.

சுவிட்ச் போர்டைத் தொடும் முன் மெயினை ஆஃப் செய்ய வேண்டும். நேராக ஸ்பிரே அடிக்கக் கூடாது. பிழிந்த துணியால் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகே மெயினைப் போட வேண்டும்.

பிளாஸ்டிக்கில் நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீர்கள். அதில் இருக்கும் அசிட்டோன் பல பிளாஸ்டிக்குகளை இளக்கும். சுவிட்ச் பிளேட்டில் வரும் பாலிகார்பனேட் வெளுத்து விரிசல் விடலாம். அக்ரிலிக் தகடு மங்கிவிடும்.

ரெக்ஸின் சோபாவில் நேரம்தான் முக்கியம். ரெக்ஸின் மேல் இருப்பது பெரும்பாலும் பி.வி.சி. மார்க்கர் சாயம் நாளாக நாளாக அதற்குள்ளேயே இறங்கிவிடும். அன்றே துடைத்தால் போகும். ஒரு மாதம் கழித்துத் துடைத்தால் நிழல் மிஞ்சும்.

டிவி, லேப்டாப் திரைகளில் மேல் பூச்சு இருக்கும். எதைக்கொண்டு துடைக்கலாம் என்பதை அந்த மாடலின் கையேட்டில் பார்த்துவிட்டுத் தொடுங்கள். பற்பசை மட்டும் வேண்டவே வேண்டாம். கீறல் நிரந்தரமாகிவிடும்.

ஆபீஸ் ஒயிட் போர்டில் தவறி எழுதிவிட்டால்?

மீட்டிங் நடுவில் மார்க்கர் மாறிப்போகும் சங்கடம் எல்லா ஆபீஸிலும் நடப்பதுதான். இதற்கு ஸ்பிரிட்கூடத் தேவையில்லை. அந்த எழுத்தின் மேலேயே ஒயிட் போர்டு மார்க்கரால் எழுதி, காய்வதற்குள் துடைத்துவிடுங்கள்.

ஒயிட் போர்டு மார்க்கரிலும் ஆல்கஹால்தான் கரைப்பான். அது அடியில் இருக்கும் பழைய மையை இளக்கும். அதோடு, மை போர்டில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க எண்ணெய்த்தன்மை கொண்ட ஒரு பொருளையும் அதில் சேர்த்திருப்பார்கள். இளகிய இரண்டு மையும் சேர்ந்து டஸ்டரோடு வந்துவிடும்.

சுவர்: உண்மையிலேயே கஷ்டமான இடம்

சுவரில் எந்தப் பெயின்ட் என்பதைப் பொறுத்தே எல்லாம். கதவு, ஜன்னலுக்கு அடிக்கும் எனாமல் பெயின்ட் சுவரிலும் இருந்தால், ஸ்பிரிட்டை லேசாக ஒற்றி எடுத்துவிடலாம். துடைக்கக்கூடிய, லேசாக மினுங்கும் எமல்ஷன் என்றாலும் வாய்ப்பு உண்டு. ஆனால் நீண்ட நேரம் வைத்தால் எமல்ஷனும் இளகி வந்துவிடும்.

வாடகை வீடுகளில் அதிகம் பார்ப்பது டிஸ்டெம்பர், சுண்ணாம்பு, மலிவான மேட் எமல்ஷன். இவை ஸ்பாஞ்ச் மாதிரி. ஸ்பிரிட் பட்டதும் மை கரைந்து, வெளியே வராமல் பக்கவாட்டில் பரவும். தேய்த்தால் பூச்சே உதிரும். இந்தச் சுவரில் கறை எடுக்கும் முயற்சியைத் தொடங்காமல் இருப்பதே நல்லது. அந்த இடத்துக்குப் பெயின்ட் டச்சப் செய்வதுதான் வழி.

பெயின்ட் அடிப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மார்க்கர் கோட்டின் மேல் நேராக எமல்ஷன் அடித்தால், காயும்போது சாயம் மேலே கசிந்து வந்து மறுபடியும் கோடு தெரியும். இரண்டு கோட், மூன்று கோட் அடித்தாலும் ஊதா நிழல் எட்டிப்பார்க்கும். அதனால் முதலில் கோட்டின் மேல் ஆயில் பிரைமர் ஒரு கை அடித்து, நன்றாகக் காயவிட வேண்டும். தண்ணீரில் கலக்கும் பிரைமர் இதற்கு உதவாது, டர்பன்டைனில் கலக்கும் வகைதான் வேண்டும். அதற்கு மேல் சுவரின் பெயின்ட்டை அடித்தால் சாயம் அடியிலேயே நின்றுவிடும்.

டச்சப் கலர் தனியாகத் தெரியும் என்ற பயம் நியாயமானது. பழைய சுவர் வெயிலிலும் புகையிலும் நிறம் மாறியிருக்கும். நடுவில் ஒரு திட்டாக அடிக்காமல், ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலை வரை அந்த ஒரு சுவரை மட்டும் முழுதாக அடித்துவிட்டால் வித்தியாசம் தெரியாது. முழு வீட்டுக்கும் பெயின்ட் அடிக்கத் தேவையில்லை.

அட்வான்ஸில் எவ்வளவு பிடிக்கலாம்? சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் வாடகை விவகாரங்களுக்கு 2017-ம் ஆண்டின் நில உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. கறை விவகாரத்தில் அது மூன்று இடங்களில் உதவும்.

முதலாவது, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. இரண்டாவது, வீட்டைக் காலி செய்து ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள் அந்தத் தொகையைத் திருப்பித் தர வேண்டும். வாடகைதாரர் தர வேண்டிய பாக்கி, அவர் பொறுப்பில் வரும் செலவு இருந்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாதது. பராமரிப்பில் யாருக்கு எது பொறுப்பு என்று சட்டத்தின் இரண்டாவது அட்டவணை பிரித்துச் சொல்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பது ஆகியவை வீட்டு உரிமையாளர் பக்கம் வருகின்றன. குழாய் வாஷர் மாற்றுவது, சுவிட்ச், சாக்கெட் ரிப்பேர் போன்றவை வாடகைதாரர் பக்கம்.

அப்படியானால் மார்க்கர் கிறுக்கலுக்கு வாடகைதாரர் பணம் தர வேண்டாமா? அப்படி முழுசாகக் கைகழுவிவிட முடியாது. நாளடைவில் மங்கும் பெயின்ட் வேறு, குடியிருந்தவரால் ஏற்பட்ட சேதம் வேறு. குழந்தை கிறுக்கிய சுவரைச் சரிசெய்யும் செலவை ஓனர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு சுவரில் உள்ள கிறுக்கலைக் காட்டி, ஐந்து வருடமாக அடிக்காத முழு வீட்டுப் பெயின்ட் செலவையும் அட்வான்ஸில் கழிப்பது என்பது வேறு. அங்கே வாடகைதாரர் பேச இடம் இருக்கிறது.

அந்தப் பேச்சுக்குக் கையில் ஆதாரம் வேண்டும். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருக்கட்டும். 'வீடு காலி செய்யும்போது பெயின்ட் செலவு யாருடையது' என்ற வரி அதில் எப்படி இருக்கிறது என்று கையெழுத்துப் போடும் முன்பே பாருங்கள். குடிபோகும் நாளில் எல்லாச் சுவரையும் போனில் வீடியோ எடுத்து, அன்றே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தால், பின்னாளில் பாதிப் பிரச்சினை வராது. கறை பட்டதும் ஓனர் கண்டுபிடிக்கும் வரை காத்திருக்காமல், "அண்ணா, பாப்பா கிறுக்கிட்டாங்க, அந்த ஒரு செவுரை நானே அடிச்சுக் கொடுத்தர்றனுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுவதும் பல வீடுகளில் விஷயத்தை முடித்துவைக்கும்.

அடுப்பை அணைத்துவிட்டீர்களா?

கறை போகாவிட்டால் பணம்தான் போகும். ஆனால் கறை எடுக்கும்போது கவனம் இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலின் ஆவி சுமார் 12 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் நிலையை அடையும். கோவையின் மார்கழிக் குளிர்கூடப் பொதுவாக அதற்கு மேல்தான் இருக்கும். அதாவது, நம் ஊரில் வருடம் முழுக்க, எந்த நேரத்திலும் ஒரு தீப்பொறி போதும். சமையல் மேடையைத் துடைக்கும் முன் அடுப்பை அணைத்து, சிலிண்டரை மூடுங்கள். பூஜை அறையில் விளக்கு எரியும்போதும், கொசுவத்தி புகையும்போதும் வேண்டாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள். குழந்தையை வேறு அறைக்கு அனுப்பிவிடுங்கள்.

பிளீச்சிங் பவுடரையும் பாத்ரூம் ஆசிட்டையும் கலந்தால் குளோரின் வாயு வரும். அது நுரையீரலைத் தாக்கும் நச்சு. பிளீச்சோடு ஸ்பிரிட்டைக் கலப்பதும் ஆபத்தானது. 'எல்லாத்தையும் கலந்தா பவர் ஜாஸ்தி' என்ற எண்ணத்துக்கு இங்கே இடமே இல்லை. ஒரு பொருளைப் பயன்படுத்தினால், அதை முழுக்கத் துடைத்து எடுத்த பிறகே அடுத்த பொருள்.

பெயின்ட் டின்னரை ஊற்றித் துடைப்பதும் சிலரிடம் உண்டு. மையைக் கரைக்கும் வேகத்தில் அது பெயின்ட்டையும் பிளாஸ்டிக்கையும் கரைக்கும். மூடிய அறையில் அதன் நெடி தலைசுற்றலைத் தரும்.

திருப்பூர்க் குடும்பங்களுக்கு இன்னொன்றும் முக்கியம். பனியன் கம்பெனிகளில் துணியில் பட்ட மெஷின் ஆயில் கறையைக் கன் வைத்து ஸ்பிரே அடித்து எடுப்பார்கள். உலகம் முழுக்க ஆடைத் துறையில் இந்த வேலைக்குப் பயன்பட்டுவந்த கரைப்பான்களில் ஒன்று டிரைகுளோரோஎத்திலீன். அது மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-ல் முடிவு செய்தது. எனவே, 'கம்பெனியில கறை எடுக்கற மருந்து, கொஞ்சம் பாட்டில்ல கொண்டு வரட்டுமா?' என்று சொந்தக்காரர் கேட்டால், நன்றி சொல்லி வேண்டாம் என்றுவிடுங்கள். லேபிள் இல்லாத பாட்டிலில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

கம்பெனியிலிருந்து கொண்டுவர வேண்டியது அவர்களுடைய கைப்பக்குவத்தைத்தான். கறைக்கு அடியில் உறிஞ்சும் துணி வைப்பது, பின்பக்கத்திலிருந்து ஈரப்படுத்துவது, கறை முழுதாகப் போவதற்குள் அயர்ன் பண்ணாமல் இருப்பது. சட்டையிலோ திரைச்சீலையிலோ மார்க்கர் பட்டால், அடியில் டிஷ்யூ வைத்து ஸ்பிரிட்டை ஒற்றுங்கள். மை டிஷ்யூவில் இறங்கும். பட்டுத்துணி என்றால் கை வைக்காமல் டிரை கிளீனிங் கடைக்குக் கொடுத்துவிடுங்கள்.

அப்படியானால் ஓட்டு மையும் இப்படிப் போகுமா?

போகாது. காரணம், அது ஒட்டும் விதமே வேறு. மார்க்கர் மை பரப்பின் மேல் உட்கார்ந்திருக்கும் படலம். தேர்தல் மையில் இருப்பது சில்வர் நைட்ரேட். அது தோலோடும் நகத்தோடும் வேதிவினை புரிந்து, வெளிச்சம் பட்டதும் கறுத்துவிடும். அதற்குப் பிறகு தோல் உரிந்து, நகம் வளர்ந்து வெட்டினால்தான் கறை போகும்.

இந்தியாவில் 1962 பொதுத் தேர்தல் முதல் இந்த மை பயன்படுகிறது. தயாரிப்பது கர்நாடக அரசின் மைசூர் பெயின்ட்ஸ் அண்ட் வார்னிஷ் நிறுவனம். 1937-ல் அது தொடங்கியபோது அதன் பெயரில் இருந்தது 'லாக்', அதாவது அரக்கு. கதவு பாலிஷுக்குப் பயன்படும் அதே அரக்குதான்.

இந்த இரண்டு மைக்கும் வித்தியாசம் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்கானிஸ்தான் உதாரணம். 2004 அக்டோபர் 9-ம் தேதி அங்கே நடந்த அதிபர் தேர்தலில், சில வாக்குச்சாவடிகளில் அழியாத மைக்குப் பதிலாக வேறு பேனாக்களால் விரலில் குறியிட்டுவிட்டார்கள். அது எளிதாக அழிந்தது. எதிர்த்துப் போட்டியிட்ட வேட்பாளர்கள் பலர் தேர்தலையே புறக்கணிப்பதாக அன்றைக்கே அறிவித்தார்கள்.

அடுத்த முறை பேக்கிங் செய்யும்போது

பெட்டி, டப்பா எதுவாக இருந்தாலும் நேராக எழுதாமல், பேப்பர் டேப் ஒட்டி அதன் மேல் எழுதுங்கள். வேலை முடிந்ததும் உரித்து எறிந்துவிடலாம். குழந்தை இருக்கும் வீட்டில் தண்ணீரில் கழுவக்கூடிய ஸ்கெட்ச் பேனாக்களை மட்டும் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். மார்க்கர், பீரோவின் மேல் தட்டில் இருக்கட்டும்.

இதற்குள் சுவரில் ரயில் ஓடிவிட்டது என்றால், முதலில் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஓனரிடம் பேசும்போது உதவும். பத்து வருடம் கழித்துக் குழந்தையிடம் காட்டவும் உதவும். அதன் பிறகு சுவரைத் தொட்டுப் பாருங்கள். விரலில் மாவு மாதிரி ஒட்டினால் ஸ்பிரிட் பாட்டிலை மூடிவிட்டு, பெயின்ட் கடைக்குப் போய் ஆயில் பிரைமர் கேளுங்கள். வழவழப்பாக இருந்தால், மூலையில் ஒரு நிமிடச் சோதனை செய்துவிட்டு வெள்ளைத் துணியோடு உட்காருங்கள்.